கம்ப்யூட்டர் கணக்கை நம்பலாமா?

கடை, மில், சிறிய கம்பெனி என எங்கு சென்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மேஜையில் கம்ப்யூட்டர் இருக்கும். எக்ஸெல் பைலில் எல்லாக் கணக்கும் இருக்கும். ஆனால் ஏதாவது கேட்டால், முதலாளி மேஜை டிராயரைத் திறந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு மீது அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது இதன் பொருள்.

அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதனால்தான் இப்படி என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு முறை சூடு பட்ட பிறகு தான், அவர் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது என்பது புரிந்தது. அந்த அனுபவத்தையும், உங்கள் கணக்கைப் பிறர் நம்பும்படி வைத்துக் கொள்வதற்கான வழிகளையும் இங்கு தருகிறேன்.

27 மூட்டை எங்கே?

திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் உள்ள கிளியனூர் அருகே என் மாமா, இரண்டு பங்குதாரர்களுடன் சேர்ந்து சிறிய எண்ணெய் மில் ஒன்றை நடத்துகிறார். சுற்று வட்டார விவசாயிகளிடம் மல்லாட்டை (மற்ற ஊர்க்காரர்களுக்கு நிலக்கடலை) வாங்கி, உடைத்து, ஆட்டி, எண்ணெயைத் திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னதும், எக்ஸெல் பைலை அமைத்துக் கொடுத்ததும் நான் தான்.

ஒரு நாள் மாமாவிடம் இருந்து போன். "உடனே கிளம்பி வாடா. இங்க பெரிய பிரச்னை" என்றார். போய்ப் பார்த்தால், மூன்று பங்குதாரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்கு எழுதும் பெண் ஓரமாக நின்று அழுது கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்குப்படி கிடங்கில் 212 மூட்டை இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இருப்பது 185 தான். 27 மூட்டையைக் காணோம்.

பங்குதாரர்களில் வயதில் மூத்தவர் தினமும் எடை போடும் இடத்தில் நின்று, வாங்கும் மூட்டைகளைத் தன் நோட்டில் எழுதி வருபவர். அவர் நோட்டில் இருப்பதைவிடக் கம்ப்யூட்டரில் கொள்முதல் 5 மூட்டை அதிகம். "வராத மூட்டைக்கு வந்ததா எழுதிப் பணம் எடுத்திருக்காங்க தம்பி. கம்ப்யூட்டர்ல போட்டா தப்பே வராதுன்னு நீங்க தானே சொன்னீங்க?" என்றார். அந்தப் பெண்ணை அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் முடிவு. அது மட்டுமல்ல, வங்கியில் கேஷ் கிரெடிட் கடன் இருக்கிறது. மாதா மாதம் சரக்கு இருப்புப் பட்டியல் கொடுக்க வேண்டும். அந்த இருப்பை வைத்துத்தான் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்பதை வங்கி முடிவு செய்யும். 212 என்று எழுதிக் கொடுப்பதா, 185 என்று எழுதிக் கொடுப்பதா?

நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

இரண்டு வகைத் தவறுகள்

மேலே செல்வதற்கு முன் ஒரு அடிப்படை விஷயம். கணக்கில் வரும் தவறுகளை இரண்டு பெரிய வகைகளில் அடக்கிவிடலாம். நடந்தது கணக்கில் ஏறாமல் விட்டுப் போவது ஒன்று. நடக்காதது கணக்கில் ஏறிவிடுவது மற்றொன்று. இரண்டையும் கண்டுபிடிக்கும் வழிகள் வேறு வேறு.

முதல் வகைக்கு ஒரு பெரிய உதாரணம். 2020-ல் கொரோனா பரவிய போது இங்கிலாந்தில் நடந்தது இது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில், தொற்று உறுதியான 15,841 பேர் தினசரிக் கணக்கில் சேராமல் விட்டுப் போனார்கள். காரணம், சோதனைக் கூடங்கள் அனுப்பிய தகவல்களைச் சேர்க்கும் போது எக்ஸெல்லின் பழைய பைல் வகையைப் பயன்படுத்தியது. அந்த வகை பைலில் ஒரு ஒர்க் ஷீட்டில் 65,536 படுக்கை வரிசைகள் தான் இருக்கும். (எக்ஸெல் 2007 முதல் வந்த வகையில் 10,48,576 வரிசைகள் உண்டு.) இடம் நிறைந்த பின் வந்தவை உள்ளே நுழையவே இல்லை. தொற்று கண்டவர்களுக்கு அவர்கள் முடிவு சொல்லப்பட்டது. ஆனால் அவர்களுடன் பழகியவர்களைத் தேடிச் சென்று எச்சரிக்கும் வேலை நாள் கணக்கில் தள்ளிப் போனது. அனுப்பியது எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை என்று எண்ணிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இரண்டாம் வகைக்கு நம் நாட்டு உதாரணமே உண்டு. ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், ரொக்கமாகவும் வங்கியிலும் இருப்பதாகக் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக் கொண்டார். கம்ப்யூட்டர் மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் அது. ஆயிரக்கணக்கான போலி இன்வாய்ஸ்கள் அதன் சொந்த பில்லிங் கம்ப்யூட்டரிலேயே பதிவாகி இருந்தன. கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் பணம் இல்லை. பணம் இருக்கிறதா என்று தணிக்கையாளர்கள் வங்கியிடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்யாமல், அந்த வேலையை நிறுவனத்திடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு 2011-ல் குற்றம் சாட்டியது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் தனி நீதிமன்றம் ராஜு உள்ளிட்டோருக்குச் சிறைத் தண்டனை விதித்தது.

இதைப் படித்தால், எங்கள் மில் பெரியவரின் சந்தேகம் அர்த்தமற்றது என்று சொல்ல முடியுமா? கம்ப்யூட்டர், கொடுத்த எண்ணைக் கூட்டித் தரும். கொடுத்த எண் உண்மையா என்பது அதற்குத் தெரியாது.

முதலில் எண்ணுங்கள்

மில்லில் ஒவ்வொரு முறை எடை போடும் போதும் ஒரு எடைச் சீட்டு எழுதுவார்கள். சீட்டுப் புத்தகத்தில் வரிசை எண் அச்சாகி இருக்கும். விவசாயிக்கு மேல் சீட்டு, புத்தகத்தில் கார்பன் நகல். நான் இந்தச் சீட்டில் இருந்தே தொடங்கினேன்.

எளிய வழி இது. எக்ஸெல்லில் சீட்டு எண்ணுக்கு என்று ஒரு நெட்டு வரிசை இருக்க வேண்டும். பட்டியல் முழுவதையும் தேர்வு செய்து, டேட்டா டேப்பில் சார்ட் கிளிக் செய்து, சீட்டு எண் வரிசைப்படி அடுக்கவும். (சீட்டு எண் வரிசையை மட்டும் தேர்வு செய்து சார்ட் செய்தால் எண் ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம் என்று எல்லாம் கலந்துவிடும். எனவே முதலில் பைலுக்கு ஒரு நகல் எடுத்துக் கொள்ளுங்கள்.) அடுத்து, காலியாக உள்ள ஒரு நெட்டு வரிசையில், ஒவ்வொரு சீட்டு எண்ணில் இருந்தும் அதற்கு மேலே உள்ள எண்ணைக் கழிக்கும் பார்முலா கொடுத்துக் கீழே வரை இழுத்துவிடவும்.

விடை 1 என வந்தால் சரி. 0 என வந்தால் ஒரே சீட்டு இரண்டு முறை பதிவாகி இருக்கிறது. 2 அல்லது அதற்கு மேல் வந்தால் நடுவில் சீட்டு விட்டுப் போயிருக்கிறது. அவ்வளவு தான். நான் சொன்ன இரண்டு வகைத் தவறுகளில் பெரும் பகுதியை இந்த ஒரு கழித்தல் காட்டிக் கொடுத்துவிடும்.

எங்கள் பைலில் ஒரு இடத்தில் 0 வந்தது. 9 மூட்டைக்கான சீட்டு ஒன்று, சரக்கு வந்த அன்று ஒரு முறையும், பணம் கொடுத்த அன்று மறு முறையும் பதிவாகி இருந்தது. ஒன்றில் விவசாயி பெயர் இனிஷியலுடன், மற்றொன்றில் இனிஷியல் இல்லாமல். அதனால் கண்ணில் படவில்லை. ரொக்கப் புத்தகத்தைப் பார்த்தோம். பணம் ஒரு முறை தான் கொடுக்கப்பட்டிருந்தது. இன்னொரு இடத்தில் 2 வந்தது. 4 மூட்டைச் சீட்டு ஒன்று பதிவாகவே இல்லை. அது பெரியவர் நோட்டில் சரியாக இருந்தது. 9 கூடி, 4 குறைந்து, ஆக 5 மூட்டை அதிகம். பெரியவர் சொன்ன 5 இது தான்.

அவர் நோட்டு சரி. ஆனால் யாரும் பணம் எடுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. சீட்டு எழுதும் போது தவறு நேர்ந்தால் கிழித்துப் போடக் கூடாது. குறுக்கே கோடு போட்டு "ரத்து" என்று எழுதிப் புத்தகத்திலேயே வைக்க வேண்டும். கம்ப்யூட்டரிலும் அந்த எண்ணுக்கு எதிரில் ரத்து என்று பதிய வேண்டும். அப்போது தான் இந்த வழி வேலை செய்யும்.

எண் போலத் தெரியும் எழுத்து

இன்னும் 22 மூட்டை பாக்கி. மில்லுக்குள் ஆட்டுவதற்கு எடுத்துச் சென்ற கணக்கை அடுத்துப் பார்த்தேன். அங்கு தான் பெரிய ஓட்டை இருந்தது.

அந்த நெட்டு வரிசையில் தினமும் எடுத்த எடையைக் கிலோவில் போட வேண்டும். மூன்று நாட்கள் மட்டும் "640 கிலோ", "560 கிலோ", "480 கிலோ" என்று சொல்லையும் சேர்த்து டைப் செய்திருந்தார்கள். பார்ப்பதற்கு எந்தத் தவறும் தெரியாது. ஆனால் ஒரு செல்லில் எண்ணுடன் சொல் சேர்ந்துவிட்டால் எக்ஸெல் அதை எழுத்தாகவே எடுத்துக் கொள்ளும். சம் பார்முலா எழுத்தைக் கூட்டாது. பிழை என்றும் சொல்லாது. சத்தமில்லாமல் தாண்டிச் சென்றுவிடும். அந்த மூன்று நாள் எடை 1,680 கிலோ. மூட்டைக்கு 80 கிலோ வீதம் 21 மூட்டை. மில்லுக்குள் போன சரக்கு கிடங்கிலேயே இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டிக் கொண்டிருந்தது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்கள் உள்ள நெட்டு வரிசைக்குக் கீழே இரண்டு பார்முலா அமைக்கவும். ஒன்று கவுண்ட்; இது எண் உள்ள செல்களை மட்டும் எண்ணும். மற்றொன்று கவுண்ட்ஏ; இது காலியாக இல்லாத எல்லாச் செல்களையும் எண்ணும். (பார்முலா பெயர்களை ஆங்கிலத்தில் தான் டைப் செய்ய வேண்டும். தலைப்பு உள்ள செல்லைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் சரி. வேறுபட்டால், எத்தனை வேறுபடுகிறதோ அத்தனை செல்களில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கிறது. இன்னொரு அடையாளம்: நீங்கள் எதுவும் மாற்றாத வரை எண் செல்லின் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது பக்கம் ஒட்டி நிற்கும். சில சமயம் செல்லின் மேல் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் தெரியும். அதையும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

திரையில் "கிலோ" என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. செல்களைத் தேர்வு செய்து, ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் பிரிவில் கஸ்டம் தேர்வு செய்து, பூஜ்யம், ஒரு இடைவெளி, பின் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் கிலோ என்று கொடுக்கவும். இப்போது 640 என்று மட்டும் டைப் செய்தால் போதும். "640 கிலோ" என்று தெரியும். உள்ளே எண்ணாகவே இருக்கும்.

இங்கு தவறு அந்தப் பெண்ணுடையது அல்ல. எண்ணைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி பைலை அமைக்காமல் கொடுத்தது நான். அதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

அந்த ஒரு மூட்டை

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். எழுத்தாக மாறியதில் 21, இரட்டைப் பதிவில் 9, ஆக 30. விட்டுப் போன 4 மூட்டையைக் கழித்தால் 26. ஆனால் வித்தியாசம் 27. ஒரு மூட்டைக்கு விடை கிடைக்கவில்லை.

மாமா, "சிந்தினது செதறினதுன்னு எழுதிடுடா" என்றார். நான் மறுத்துவிட்டேன். திருத்தக் குறிப்பில் "1 மூட்டை – காரணம் தெரியவில்லை" என்றே எழுதினேன். அதைப் படித்த பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை எழுதினதால மத்ததை நம்பறேன்" என்றார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நாளைக்கு வழக்கம் போல வேலைக்கு வந்துடும்மா" என்றார்.

கணக்கை நம்ப வைக்க நினைப்பவர்கள் பலரும் செய்யும் தவறு, எல்லாம் கச்சிதமாக இருப்பதாகக் காட்டுவது. எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துச் சொன்னால் தான் எதிரில் இருப்பவர் நம்புவார். வங்கிக்கும் எண்ணிப் பார்த்த 185-ஐயே எழுதிக் கொடுத்தோம்.

மே மாதத்துக்குப் போன ஆகஸ்ட்

பைலைப் பார்க்கும் போது வேறு சில சிக்கல்களும் கிடைத்தன. உங்களுக்கும் இவை நேரலாம்.

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தது. அங்கு மாதம் முதலில், நாள் பிறகு. நாம் ஆகஸ்ட் 5 என்று நினைத்து 5/8 என டைப் செய்தால் அது மே 8 என்று பதிவாகும். 12-ம் தேதி வரை இப்படி மாறிவிடும். 13-ம் தேதி முதல், அப்படி ஒரு மாதம் இல்லாததால், தேதியாகவே எடுக்காமல் எழுத்தாக வைத்துக் கொள்ளும். எனவே தேதி வரிசையில் சில வலது பக்கமும் சில இடது பக்கமும் ஒட்டி நின்றால் இந்தச் சிக்கல் இருக்கிறது என்று அறியலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் ரீஜன் பிரிவு சென்று, பார்மட்டை இங்கிலீஷ் (இந்தியா) என மாற்றவும். ஏற்கனவே தவறாகப் பதிந்தவை இதனால் தானாக மாறாது. சீட்டைப் பார்த்துத் திருத்தத் தான் வேண்டும்.

அடுத்தது பெயர். "முருகன்", "க. முருகன்", "முருகன் க" மூன்றும் எக்ஸெல்லுக்கு மூன்று பேர். ஒவ்வொரு விவசாயிக்கும், ஒவ்வொரு கடைக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, தனி ஒர்க் ஷீட்டில் பட்டியல் வைத்துக் கொள்ளுங்கள். பதிவு செய்யும் போது எண்ணை மட்டும் கொடுத்தால் பெயர் தானாக வரும்படி விலுக்அப் பார்முலா அமைத்துவிடலாம்.

மூன்றாவது அளவு. எங்கள் பக்கம் நெல் மூட்டை என்றால் 75 கிலோ, மல்லாட்டை மூட்டை என்றால் 80 கிலோ. இரண்டையும் வாங்கும் இடத்தில் "10 மூட்டை" என்ற பதிவுக்கு அர்த்தமே இல்லை. கிலோவில் ஒரு வரிசை கட்டாயம் வையுங்கள்.

33-ம் 34-ம்

கிளியனூரில் இருந்து புதுச்சேரி எல்லை அருகில் தான். ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் அது வேறு மாநிலத்துக்கு விற்பது போல. திண்டிவனம் கடைக்கு சரக்கு அனுப்பினால் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு. புதுச்சேரி கடைக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி என்று ஒன்று. மாற்றிக் கட்டிவிட்டால், சரியான தலைப்பில் மீண்டும் கட்டி, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும்.

முகவரியில் உள்ள பின்கோடை வைத்து இதைப் பிரிக்க முடியாது. புதுச்சேரி 605001, ஆனால் விழுப்புரமும் 605602 தான். தமிழ்நாட்டில் உள்ள ஆரோவில் 605101. முதல் மூன்று எண்ணைப் பார்த்து மாநிலத்தை முடிவு செய்தால் மாட்டிக் கொள்வீர்கள்.

ஜிஎஸ்டி எண்ணை வைத்துப் பாருங்கள். அதில் 15 எழுத்து, எண்கள் உண்டு. முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. அடுத்த பத்து அந்த வியாபாரியின் பான் எண். கடைசியில் இருப்பது சரிபார்ப்பு எழுத்து. முன்னால் உள்ள 14-ஐ வைத்துக் கணக்கிடப்படுவது. எக்ஸெல்லில் லென் பார்முலா கொடுத்து நீளம் 15 தானா என்று பார்க்கலாம். லெஃப்ட் பார்முலா கொடுத்து முதல் இரண்டு எண்ணைத் தனியாக எடுத்து, சரக்கு போகும் ஊருடன் ஒப்பிடலாம்.

ஆனால் 15 இருப்பதால் மட்டும் அது அந்தக் கடையின் எண் ஆகிவிடாது. வேறு கடையின் சரியான எண்ணை மாற்றிப் போட்டிருக்கலாம். ஜிஎஸ்டி இணைய தளத்தில் சர்ச் டாக்ஸ்பேயர் என்ற பிரிவு இருக்கிறது. லாக் இன் செய்யாமலேயே எண்ணைக் கொடுத்தால் கடையின் பெயர் தெரியும். புதிய கடை ஒன்றைச் சேர்க்கும் போது ஒரு முறை இதைச் செய்துவிட்டால் போதும். எண் தவறினால் பாதிக்கப்படுவது வாங்கும் கடைக்காரர்; அவர் கட்டிய வரி அவர் கணக்கில் வரவாகத் தெரியாது. அடுத்த முறை உங்களிடம் எண்ணெய் வாங்க யோசிப்பார்.

வாசலிலேயே தடுக்க

தவறு உள்ளே வந்த பின் தேடுவதைவிட, வரும் போதே தடுப்பது நல்லது. எக்ஸெல்லில் டேட்டா டேப்பில் டேட்டா வேலிடேஷன் என்ற வசதி இருக்கிறது. எடை வரிசையைத் தேர்வு செய்து இதனைக் கிளிக் செய்யவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் அலவ் என்பதன் கீழ் விரி மெனுவில் டெசிமல் தேர்வு செய்து, குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று கொடுக்கவும். இனி "640 கிலோ" என டைப் செய்தால் ஏற்காது. 80-க்குப் பதில் 8000 என்று தட்டினாலும் ஏற்காது. தேதி வரிசைக்கு டேட், சரக்கு வகைக்கு லிஸ்ட் எனத் தேர்வு செய்யலாம். எரர் அலர்ட் டேப்பில் தமிழிலேயே செய்தி எழுதி வைக்கலாம். "எண் மட்டும் போடவும்" என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு குறை உண்டு. வேறு இடத்தில் இருந்து காப்பி செய்து பேஸ்ட் செய்தால் இந்தத் தடை வேலை செய்யாது. அதே மெனுவில் உள்ள சர்க்கிள் இன்வேலிட் டேட்டா என்பதைக் கிளிக் செய்தால், விதிக்கு மாறான செல்களைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும். வாரம் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இத்துடன் "சரிபார்ப்பு" என்று ஒரு தனி ஒர்க் ஷீட் வையுங்கள். விட்டுப் போன சீட்டு எத்தனை, இரட்டைச் சீட்டு எத்தனை, எழுத்தாக உள்ள எண்கள் எத்தனை, கிடங்கில் எண்ணியதற்கும் கணக்குக்கும் வித்தியாசம் எவ்வளவு என நான்கு வரிகள். கண்டிஷனல் பார்மட்டிங் மூலம், 0 என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலே "எந்தத் தேதி வரை பதிவு" என்று ஒரு வரி. இது முக்கியம். இன்று மாலை நோட்டையும் நேற்று வரை பதிந்த கம்ப்யூட்டரையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவது பல இடங்களில் நடக்கிறது.

அழிக்காதீர்கள்

தவறைக் கண்டுபிடித்தால் அந்தச் செல்லையே அழித்து மாற்றுவது தான் நம் வழக்கம். அப்படிச் செய்தால் நேற்று பார்த்த எண் இன்று ஏன் மாறியது என்று யாருக்கும் தெரியாது. சந்தேகம் அங்கு தான் பிறக்கிறது. "திருத்தம்" என்று ஒரு ஒர்க் ஷீட் வைத்து, எந்தச் சீட்டு, முன்பு என்ன, இப்போது என்ன, யார் மாற்றியது, எப்போது, ஏன் என்று எழுதுங்கள்.

இது வெறும் நல்ல பழக்கம் மட்டுமல்ல. கம்பெனிகள் சட்டப்படி பதிவான கம்பெனிகள், 2023 ஏப்ரல் 1-ல் தொடங்கிய நிதியாண்டு முதல், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் பதிந்து வைக்கும், அதை நிறுத்த முடியாத கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. டாலி போன்ற மென்பொருள்களில் எடிட் லாக் என்ற வசதி இதற்காகவே தரப்பட்டுள்ளது. எங்கள் மில் போன்ற பங்குதாரர் நிறுவனத்துக்கு இந்த விதி கட்டாயம் இல்லை. ஆனால் கூட்டாளிகள் இருக்கும் இடத்தில் தான் இது அதிகம் தேவை.

பத்துச் சீட்டுச் சோதனை

இவ்வளவும் செய்தாலும், பெரியவர் போன்றவர்கள் பச்சை நிறத்தைப் பார்த்து நம்பிவிட மாட்டார்கள். நம்பவும் கூடாது. பச்சை நிறம் வரும்படி பார்முலா எழுதியதும் நாம் தானே? எனவே மாதம் ஒரு நாள், அரை மணி நேரம் இந்தச் சோதனையைச் செய்கிறோம்.

முதலில் பெரியவர் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டி, தனக்குத் தோன்றிய ஐந்து சீட்டுகளைப் படிக்கிறார். கம்ப்யூட்டரில் அவை இருக்கின்றனவா, எடை, தேதி, பெயர் சரியா என்று பார்க்கிறோம். இதில் விட்டுப் போனவை தெரியும். பிறகு அவரே கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து ஐந்து வரிகளைக் காட்டுகிறார். ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் சீட்டு நகலையும், பணம் கொடுத்த வவுச்சரில் விவசாயியின் கையெழுத்தையும் எடுத்துக் காட்ட வேண்டும். இதில் இல்லாததை ஏற்றியிருந்தால் தெரியும்.

இரண்டு திசையிலும் பார்ப்பது தான் இதன் உயிர். சீட்டில் இருந்து கம்ப்யூட்டருக்கு மட்டும் பார்த்தால், போலிப் பதிவு எத்தனை இருந்தாலும் கண்ணில் படாது. கம்ப்யூட்டரில் இருந்து சீட்டுக்கு மட்டும் பார்த்தால், இங்கிலாந்தில் நடந்தது போல் விட்டுப் போனது தெரியவே தெரியாது.

இன்னொன்று, எந்தச் சீட்டு என்பதைச் சந்தேகப்படுபவரே தேர்வு செய்ய வேண்டும். கணக்கு எழுதுபவரோ, பைல் அமைத்த நானோ தேர்வு செய்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. பத்தில் ஒன்று தவறினால், அன்றைய தினப் பதிவு முழுவதையும் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். முடிவை எழுதி, தேதி போட்டு, மூன்று பங்குதாரர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

முதல் மாதம் பத்தில் ஒன்று தவறியது. இரண்டு சீட்டுகளின் எடை இடம் மாறிப் பதிவாகி இருந்தது. மொத்தக் கூட்டலில் வித்தியாசமே வராத தவறு. எந்தப் பார்முலாவும் அதைப் பிடித்திருக்காது. பெரியவர் பிடித்தார். அன்று முதல் அந்த அரை மணி நேரத்துக்கு முதல் ஆளாக வந்து உட்காருவது அவர் தான்.

அவர் தன் நோட்டை நிறுத்தினாரா என்று கேட்பீர்கள். இல்லை. நிறுத்த வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். எடை போடும் இடத்தில், வேறு ஒருவர் கையால், தனியாக எழுதப்படும் கணக்கு அது. கம்ப்யூட்டருக்கு அதைவிட நல்ல காவல் ஏது?

உங்கள் கடையிலோ, வீட்டுக் கணக்கிலோ, சங்கக் கணக்கிலோ இந்த மாதம் பத்துச் சீட்டுச் சோதனையை ஒரு முறை செய்து பாருங்கள். உங்கள் கணக்கை அதிகம் சந்தேகப்படுபவரையே அழைத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். காபி கொடுக்க மறக்காதீர்கள்.